215-லேயே நின்ற கார்: டயர் அகலமும் ரப்பர் கலவையும், ஒரு நிகழ்வு ஆய்வு

2012-இல் விற்பனைக்கு வந்த டொயோட்டா 86-ஐ முதலில் ஓட்டிப் பார்த்த பலருக்கும் ஒரே குழப்பம். பின்சக்கர ஓட்டம், 200 குதிரைத்திறன், தரையோடு ஒட்டிய எஞ்சின் என எல்லாமே ஸ்போர்ட்ஸ் காருக்கு உரியவை. டயர் மட்டும் 215/45 ஆர்17 அளவில் (அகலம் 215 மில்லிமீட்டர், பக்கச்சுவர் உயரம் அதில் 45 சதவீதம், ரிம் விட்டம் 17 அங்குலம்) மிஷலின் பிரைமசி எச்பி. அது நெடுஞ்சாலையில் சத்தமில்லாமல், சொகுசாக ஓடுவதற்கென்று செய்த டயர். டொயோட்டாவின் எரிபொருள் சிக்கன ஹைப்ரிட் காரான ப்ரியஸின் பெயரால் 'ப்ரியஸ் டயர்' என்று அதற்குக் கேலிப் பெயரே வந்துவிட்டது.

செலவை மிச்சப்படுத்த அப்படிச் செய்யவில்லை. டர்போ வேண்டாம், நான்கு சக்கர ஓட்டம் வேண்டாம், அகலமான ஒட்டு டயரும் (தரையை இறுக ஒட்டிப் பிடிக்கும் மென்மையான ரப்பர் டயர்) வேண்டாம் என்று தலைமைப் பொறியாளர் தெட்சுயா தாடாவின் குழு ஆரம்பத்திலேயே முடிவு செய்திருந்தது. சாதாரண வேகத்திலேயே காரின் எல்லையை ஓட்டுநர் தொட்டு உணர வேண்டும் என்பதுதான் நோக்கம்.

அடுத்த தலைமுறையான ஜிஆர்86 2021-இல் அறிமுகமானது. எஞ்சின் 2.4 லிட்டர், ஜப்பான் கணக்கில் 235 குதிரைத்திறன். சக்தி கூடினால் டயர் அகலமும் கூடும் என்பது கார் உலகின் எழுதப்படாத வழக்கம். இங்கே அது நடக்கவில்லை, அகலம் 215-லேயே நின்றது. அமெரிக்கச் சந்தையில் அடிப்படை வகைக்கு அதே 17 அங்குல பிரைமசி எச்பி, மேல்வகைக்கு 215/40 ஆர்18 அளவில் மிஷலின் பைலட் ஸ்போர்ட் 4. ஒரே கார், ஒரே எஞ்சின், ஒரே அகலம், இரண்டு வேறு ரப்பர். தொழிற்சாலையே ஒரு பரிசோதனையை அமைத்துக் கொடுத்த மாதிரி இருந்தது. இந்த ஆய்வுக்கு இதை எடுத்துக்கொண்டதும் அதனால்தான்.

பரிசோதனை முழுச் சுத்தம் என்று சொல்ல மாட்டேன். 18 அங்குல டயரின் பக்கச்சுவர் குட்டை, ரிம் அரை அங்குலம் அகலம், உள்கட்டுமானமும் டிரெட்டின் (தரையைத் தொடும் ரப்பர் பட்டை) வடிவமும் வேறு. ஆனால் இரண்டையும் ஓட்டியவர்களுக்குத் தெரியும் வித்தியாசத்தில் பெரும்பங்கு டிரெட்டின் ரப்பரிலிருந்து வருவது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பிரைமசியில் வால் லேசாக நழுவத் தொடங்கும் வேகத்தில் பைலட் ஸ்போர்ட் 4 இன்னும் சாவகாசமாகத் தரையைப் பிடித்துக்கொண்டிருக்கும். அகலத்தில் ஒரு மில்லிமீட்டர்கூடக் கூடவில்லை.

நண்பரின் 245

இதற்கு நேர் எதிரான ஒரு காரையும் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். என் நண்பர் ஒருவர் தன் பழைய 86-க்கு 245/40 ஆர்17 டயர் வாங்கினார். கணக்கெல்லாம் பார்த்துத்தான் வாங்கினார். 215/45 ஆர்17-இன் விட்டம் சுமார் 625 மில்லிமீட்டர், 245/40 ஆர்17-இன் விட்டம் சுமார் 628. ஸ்பீடோமீட்டருக்குக்கூட வித்தியாசம் தெரியாது. பின்னால் நின்று பார்த்தால் கார் இன்னும் கம்பீரமாகத் தெரிந்தது. நானும் ரசித்தேன்.

வாங்கிய டயர் நீண்ட நாள் உழைக்கும் வகை, தேய்மானத்தைக் குறிக்கும் டிரெட்வேர் எண் 400-க்கு மேல். ரிம் காரோடு வந்த அதே 7 அங்குலம். ஒரு காலி மைதானத்தில் 30 மீட்டர் ஆரத்தில் வட்டம் போட்டு, ஸ்டாப்வாட்ச் வைத்து ஓட்டிப் பார்த்தோம். முன்பு எடுத்த நேரத்தில் எந்த முன்னேற்றமும் இல்லை. அதைவிட மோசம் ஸ்டீயரிங். திருப்பியதும் கார் ஒரு நொடி யோசித்துவிட்டுத் திரும்புவது போல இருந்தது. முன்பு எல்லை நெருங்கும்போது கையில் ஒரு இளகல் தெரியும். இப்போது அது பாதிகூட இல்லை, திடீரென்று முன்சக்கரம் வெளியே வழுக்கிக்கொண்டு போனது.

(இந்த வட்டச் சோதனையை யாரும் செய்யலாம், இடம்தான் வேண்டும். 30 மீட்டர் ஆர வட்டத்தை 11.6 வினாடியில் சுற்றினால் பக்கவாட்டு முடுக்கம் ஏறத்தாழ 0.9 ஜி, அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.9 பங்கு; 11 வினாடியில் சுற்றினால் 1 ஜி. ஒரு வினாடிக்கும் குறைந்த இடைவெளிக்குள் ஒரு சொகுசு டயரும் ஒரு நல்ல ஸ்போர்ட்ஸ் டயரும் அடங்கிவிடும். இரண்டு திசையிலும் சுற்றி சராசரி எடுக்க வேண்டும்.)

டயர் அகலமானது, பிடிமானம் ஏறவில்லை. ஏன்?

உள்ளங்கை அளவு தரை

முதலில் எடையைப் பார்ப்போம். ஓட்டுநரோடு சேர்த்து காரின் எடை சுமார் 1,300 கிலோ, ஒரு சக்கரத்துக்குச் சராசரி 325 கிலோ. டயரில் 35 பிஎஸ்ஐ காற்று. எடையைக் காற்றழுத்தத்தால் வகுத்தால் தரையைத் தொடும் பரப்பு தோராயமாகக் கிடைக்கும்: சுமார் 132 சதுர சென்டிமீட்டர், விரலை விட்டுவிட்டு ஓர் உள்ளங்கை அளவு. பக்கச்சுவரும் கொஞ்சம் எடையைத் தாங்குவதால் நிஜ எண் சற்று மாறும். ஆனால் கணக்கின் போக்கு இதுதான்.

இந்தக் கணக்கில் அகலம் எங்கேயும் வரவில்லை. 215 டயரில் தரையைத் தொடும் டிரெட் சுமார் 19 சென்டிமீட்டர் அகலம் என்றால், தொடும் நீளம் 7 சென்டிமீட்டர். 245-இல் டிரெட் 22 சென்டிமீட்டர் என்றால் நீளம் 6 ஆகச் சுருங்கும். பரப்பு அதேதான், வடிவம்தான் மாறுகிறது. நீளவாட்டில் இருந்த உள்ளங்கையை அகலவாட்டில் திருப்பி வைத்த மாதிரி.

நண்பரின் கையில் அந்த இளகல் குறைந்ததற்கு இதிலேயே ஒரு காரணம் இருக்கிறது. திரும்பும்போது டயரின் பக்கவிசை தொடுபரப்பின் நடுவில் செயல்படாது, கொஞ்சம் பின்தள்ளிச் செயல்படும். அந்த இடைவெளிதான் ஸ்டீயரிங்கை நேராக்க இழுக்கும் விசையைக் கொடுக்கிறது. வழுக்கல் தொடங்கும்போது இடைவெளி சுருங்கும், ஸ்டீயரிங் இளகும், ஓட்டுநருக்குச் செய்தி போய்விடும். தொடுபரப்பின் நீளம் குறைந்தால் இந்த இடைவெளி ஆரம்பத்திலேயே சிறியது, எனவே வரும் செய்தியும் சன்னமானது.

யோசித்துத் திரும்பியதற்குக் காரணம் ரிம். 245/40 ஆர்17-க்கு வழக்கமாகச் சொல்லப்படும் ரிம் அகலம் 8 அங்குலத்திலிருந்து 9.5 வரை. 7 அங்குல ரிம்மில் மாட்டினால் பக்கச்சுவர் இரண்டும் உள்நோக்கிக் குறுகி, டயர் பலூன் போல உப்பிக்கொள்ளும். திருப்பத்தில் ரிம் முதலில் நகரும், டிரெட் பின்னால்தான் வரும். இத்தனைக்கும் அந்த டயர் ரிம்மில் உட்காரத்தான் செய்தது, கழன்றும் போகவில்லை. உட்கார்ந்துவிட்டதே என்று நாங்களும் சரியாக இருக்கும் என நம்பிவிட்டோம். அப்படி மாட்டியே இருக்கக் கூடாது.

அப்படியானால் அகலத்தால் என்ன பயன்?

உண்மையான பயன் உண்டு, நாம் நினைக்கும் இடத்தில் இல்லை, அவ்வளவுதான்.

பள்ளிக்கூட இயற்பியலில் உராய்வுக் கெழு (பிடிமான விசையைச் சுமையால் வகுத்தால் வரும் எண்) ஒரு மாறிலி: பரப்பும் சேராது, அழுத்தமும் சேராது. ரப்பர் அதற்குக் கட்டுப்படாது. அதன் மேல் சுமை ஏற ஏற, ஒரு கிலோவுக்குக் கிடைக்கும் பிடிமானம் குறைந்துகொண்டே போகும். சுமை இரட்டித்தால் பிடிமானம் இரட்டிக்காது.

86-இன் திருப்பத்தில் இதை வைத்துப் பார்ப்போம். காரின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து சுமார் 46 சென்டிமீட்டர் உயரத்தில், மிகத் தாழ்வாக இருக்கிறது. சக்கரங்களுக்கு இடையிலான அகலம் சுமார் 1.53 மீட்டர். 0.9 ஜி திருப்பத்தில் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கத்துக்கு மாறும் எடை சுமார் 350 கிலோ. நேராகப் போகும்போது பக்கத்துக்கு 650 கிலோ இருந்தது, திருப்பத்தில் வெளிப்பக்கம் 1,000, உள்பக்கம் 300 என்று ஆகிவிடுகிறது. வெளிச்சக்கரம் ஒன்றுக்கு 500 கிலோ, உள்சக்கரம் ஒன்றுக்கு 150.

ஒரு கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம்: 325 கிலோ சுமையில் கெழு 1.00, 500 கிலோவில் 0.93, 150 கிலோவில் 1.07. இரண்டையும் சுமைக்கு ஏற்பச் சேர்த்தால் 0.96 வருகிறது. எடை மாறியதாலேயே நூற்றுக்கு நான்கு பங்கு பிடிமானம் போய்விட்டது. அகல டயர் இந்தச் சரிவைத் தணிக்கிறது. சரிவு பாதியாகக் குறைந்தால் 0.98 வரும். நூற்றுக்கு இரண்டு திரும்பக் கிடைக்கிறது. பந்தயத்தில் இரண்டு சதவீதம் பெரிய விஷயம்தான். ஆனால் ஒரு ரப்பரிலிருந்து இன்னொரு ரப்பருக்கு மாறும்போது கெழுவே மொத்தமாக மேலே போகும் அளவோடு ஒப்பிட்டால் இது சின்னது.

இரண்டாவது பயன் காற்றழுத்தத்தில். அகல டயருக்குள் காற்றின் கொள்ளளவு அதிகம், அதனால் அதே எடையைக் குறைந்த அழுத்தத்தில் தாங்கும். 245-இல் 35-க்குப் பதில் 30 பிஎஸ்ஐ வைத்தால் தொடுபரப்பு 154 சதுர சென்டிமீட்டராக ஏறும், நீளமும் பழைய 7 சென்டிமீட்டருக்குத் திரும்பிவிடும். அகலத்தை வாங்கிவிட்டு அழுத்தத்தைத் தொடாமல் விட்டால் வாங்கியதில் பாதி வீண்.

மூன்றாவதுதான் என் பார்வையில் எல்லாவற்றையும்விட முக்கியம்: வெப்பம். வழுக்கும் ரப்பர் சூடாகிறது. அந்தச் சூடு அதிக ரப்பரில் பரவினால் ஒவ்வொரு துண்டும் குளிர்ச்சியாக இருக்கும், தேய்மானமும் குறையும். அதனால் பொறியாளர் இன்னும் மென்மையான கலவையைத் துணிந்து போடலாம். குறுகலான டயரில் மூன்று சுற்றில் உருகி வழியும் ரப்பர், அகல டயரில் பதினைந்து சுற்று தாங்கும். அகலம் தானாகப் பிடிமானம் தருவதைவிட, பிடிமானம் தரும் ரப்பரைப் பயன்படுத்த இடம் கொடுக்கிறது.

இதன் மறுபக்கத்தில் மாட்டியதுதான் நண்பரின் கார். எடை குறைந்த கார், கடினமான கலவை, அதிக ரப்பர். அந்த டயர் வேலை செய்யும் சூட்டுக்கு வரவே இல்லை. ஓட்டி முடித்ததும் டிரெட்டைத் தொட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது, அவ்வளவுதான். வெளி ஓரத்தில் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்கு மணல்தாளால் தேய்த்த மாதிரி சொரசொரப்பு, உள்பக்கம் புதுசு போலவே இருந்தது. 86-இன் முன்பக்கம் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் எனும் சஸ்பென்ஷன் அமைப்பு. கார் சாயும்போது சக்கரமும் வெளிப்பக்கம் சாய்ந்துவிடும், அதைச் சமாளிக்கத் தொழிற்சாலை வைத்த கேம்பர், அதாவது சக்கரத்தின் உள்நோக்கிய சாய்வு, போதாது. டயர் அகலமாக ஆக இந்தச் சாய்வின் தண்டனை கூடும். 245 மில்லிமீட்டர் வாங்கினார், திருப்பத்தில் உழைத்தது ஓரம் மட்டும்.

ரப்பர் எப்படிப் பிடிக்கிறது

ரப்பர் இரண்டு வழியில் தரையைப் பிடிக்கிறது. ஒன்று ஒட்டுதல். ரப்பரின் மூலக்கூறுகள் கல்லின் மேற்பரப்போடு ஒட்டி, நீண்டு, அறுந்து, மறுபடி ஒட்டும். இதற்குச் சுத்தமான, காய்ந்த தரை வேண்டும். இன்னொன்று உருமாற்றம். சாலையில் துருத்தும் கல்முனைகள் ரப்பருக்குள் அமுங்கும், வழுக்கும்போது ரப்பர் முனையின் மேல் ஏறி இறங்கும். ஏறும்போது கொடுத்த சக்தி முழுவதையும் இறங்கும்போது ரப்பர் திருப்பித் தராது, ஒரு பகுதியை வெப்பமாக விழுங்கிவிடும். அப்படி விழுங்கியதுதான் பிடிமானமாகக் கிடைக்கிறது. ஈரத்தில் ஒட்டுதல் பெரும்பாலும் போய்விட, இந்த இரண்டாவதுதான் நம்மைக் காப்பாற்றுகிறது.

1963-இல் கே. ஏ. குரோஷ் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையின் அடித்தளம். ரப்பரின் உராய்வில் வெப்பநிலையும் வழுக்கும் வேகமும் ஒன்றுக்கொன்று ஈடானவை என்று அவர் காட்டினார். குளிர்ந்த ரப்பர் மெதுவாக வழுக்குவதும் சூடான ரப்பர் வேகமாக வழுக்குவதும் ஒரே வளைகோட்டில் உட்காரும், அந்த வளைகோட்டுக்கு ஓர் உச்சி உண்டு. உச்சிக்கு இந்தப் பக்கம் ரப்பர் விறைப்பு, அந்தப் பக்கம் தளர்வு. கலவை செய்பவரின் வேலையே அந்த உச்சியை எந்த வெப்பநிலையில் வைப்பது என்பதுதான். 'மென்மையான டயர் நன்றாகப் பிடிக்கும்' என்பது அரைகுறை உண்மை. பந்தயத் தடத்துக்கான ஒட்டு டயரைக் குளிர்ந்த காலையில் ஓட்டிப் பார்த்தால் தெரியும், முதல் சில திருப்பங்களில் சாதாரண டயரே அதைவிட நம்பிக்கையாக இருக்கும். சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே கோடை டயர் கணிசமாக விறைத்துவிடும்.

பழைய சிக்கல் ஒன்று உண்டு. சக்தியை விழுங்கும் ரப்பர் நன்றாகப் பிடிக்கும், ஆனால் நேராக ஓடும்போதும் விழுங்கி எரிபொருளைத் தின்னும். இதற்கு வழி செய்தது சிலிக்கா. 1992-இல் மிஷலின், ரப்பரை வலுப்படுத்தச் சேர்க்கும் கரித்தூளான கார்பன் கருமைக்குப் பதிலாகச் சிலிக்காவைப் பெருமளவு சேர்த்த டயரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. டயர் உருளும்போது ரப்பர் வினாடிக்குச் சில பத்து தடவை நெளிகிறது, கல்முனைகளின் மேல் வழுக்கும்போது வினாடிக்கு ஆயிரம், லட்சம் தடவை அதிர்கிறது. முதலாவதில் குறைவாகவும் இரண்டாவதில் அதிகமாகவும் விழுங்கும்படி கலவையைப் பிரித்துச் செய்ய முடிந்தது. அதனால்தான் ஆய்வகத்தில் 60 டிகிரியில் ரப்பர் விழுங்கும் அளவை உருளும் தடைக்கும், 0 டிகிரியில் விழுங்கும் அளவை ஈரப் பிடிமானத்துக்கும் அடையாளமாகப் பார்க்கிறார்கள். இன்றைய ஸ்போர்ட்ஸ் டயர் மழையிலும் துணிவு தருகிறது என்றால் அதில் சிலிக்காவுக்குப் பெரும் பங்கு உண்டு.

மழை என்றதும் அகலத்தின் இன்னொரு குறையும் வருகிறது. அகலமாகவும் நீளம் குறைவாகவும் தொடும் டயர் ஒரே நேரத்தில் அதிகத் தண்ணீரை ஒதுக்க வேண்டும், ஒதுக்கக் கிடைக்கும் நேரமோ குறைவு. தண்ணீரின் மேல் மிதக்கும் வேகம் கீழே இறங்கிவிடும். தேய்ந்த அகல டயரோடு மழையில் வேகமாகப் போவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

பந்தயத் தடத்தின் சாட்சி

2017-இல் ஃபார்முலா 1 டயர்கள் ஒரேயடியாக அகலமாயின: முன்சக்கரம் 245-இலிருந்து 305 மில்லிமீட்டர், பின்சக்கரம் 325-இலிருந்து 405. கார்கள் வேகமாயின. 'பார், அகலம்தான் எல்லாம்' என்று இதைக் காட்டுபவர்கள் உண்டு. ஆனால் அதே ஆண்டில் கார் 20 சென்டிமீட்டர் அகலமானது, இறக்கைகள் பெரிதாயின, டயர் தரும் நிறுவனமான பிரெல்லி கலவைகளையும் மாற்றியது. எந்த வினாடி எதனால் வந்தது என்று பிரிக்க முடியாது. அதே பந்தயத்தில் ஒவ்வொரு வார இறுதியும் நடப்பது அதைவிடத் தெளிவான சாட்சி. வெள்ளை (கடினம்), மஞ்சள் (நடுத்தரம்), சிவப்பு (மென்மை) டயர்கள் மூன்றும் ஒரே அகலம், கலவை மட்டும் வேறு. ஒரு படி மென்மைக்குப் போனால் பல தடங்களில் சுற்றுக்கு அரை வினாடி அளவுக்கு வித்தியாசம் வருகிறது. அணிகள் தங்கள் உத்தி முழுவதையும் இதன் மேல்தான் கட்டுகின்றன.

திரும்பவும் அந்த 86

சரி, நண்பரின் காருக்கு என்ன செய்தோம்? 245-ஐக் கழற்றினோம். அடுத்த டயரைத் தேடும்போது முதலில் கேட்ட கேள்வி கலவை, அகலம் அப்புறம். டிரெட்வேர் எண்ணை ஒரு குறிப்பாக மட்டும் எடுத்துக்கொண்டோம். டெக்சாஸில் சாலையில் சுமார் 11,600 கிலோமீட்டர் ஓட்டி, 100 என்று வைத்த ஒரு சோதனை டயரோடு தேய்மானத்தை ஒப்பிட்டு, தயாரிப்பாளரே தரும் எண் அது. தேய்மானத்தைத்தான் சொல்கிறது, பிடிமானத்தை அல்ல. ஒரு நிறுவனத்தின் 300-ஐயும் இன்னொரு நிறுவனத்தின் 300-ஐயும் ஒன்றாக நினைக்க முடியாது. பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத் தயாரிப்புத் தேதியையும் பார்த்தோம். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். பல ஆண்டு கிடங்கில் கிடந்த ஒட்டு டயர் பெயருக்குத்தான் ஒட்டு டயர், ரப்பர் இறுகியிருக்கும்.

கடைசியில் எடுத்தது 225/45 ஆர்17. 7 அங்குல ரிம்முக்குப் பொருந்தும் அளவு, நல்ல ஸ்போர்ட்ஸ் கலவை. முன்பக்கக் கேம்பரையும் கொஞ்சம் உள்நோக்கிச் சாய்த்தோம். அகலம் பழையதைவிட 10 மில்லிமீட்டர்தான் கூட.

அதே வட்டம், அதே ஸ்டாப்வாட்ச். இந்தத் தடவை நேரம் இரண்டு திசையிலும் தெளிவாகக் குறைந்தது. எல்லை நெருங்கும்போது ஸ்டீயரிங் இளகுவது மறுபடி கையில் தெரிந்தது. இறங்கி டிரெட்டில் கை வைத்தேன், உள்ளங்கையை அதிக நேரம் வைத்திருக்க முடியாத சூடு. கட்டைவிரல் நகத்தை அழுத்தி எடுத்தால் தடம் சில நொடி நின்று மெல்ல மறைந்தது. உள் ஓரத்திலிருந்து வெளி ஓரம் வரை ஒரே சீராக, அழிரப்பர் தேய்ந்த மாதிரி பொடிப்பொடியாக ரப்பர் சுருண்டு கிடந்தது.